மோதிரத்தில் சுற்றிய நூல்

இராசாத்தி கடைசியாகக் கேட்டது நீல நூல்.

2006 தை மாதத்தில் ஒரு காலை. இரண்டாந்தரம் போட்ட பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தவளின் விரலிலிருந்து மோதிரம் வழுக்கித் தட்டுக்குள் விழுந்தது. அவள் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்துக் கணவர் சீனித்தம்பி பார்த்தது அன்றைக்குத்தான்.

"பாத்தீங்களா, இதுவும் என்னை விட்டுப் போகப் பாக்குது."

அவர் தையல் பெட்டியைக் கிளறி நூற்கட்டையை எடுத்து வந்தார். அவர் மோதிரத்தைப் பிடித்திருக்க, அவள் அதன் அடிப்பக்கத்தில் ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கை நடுங்கியதில் நூல் இரண்டு தரம் நழுவியது. மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள். வெளியில் மழை. அவள் மூக்கு நுனியில் வேர்வை பூத்திருந்தது. ஃபேனை அதற்கு முன்பே கூட்டிவிடச் சொல்லியிருந்தாள்.

"இனிக் கழராது," என்றாள்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் தேடி வந்தார். இராசாத்தி கிணற்றடியில் கிடந்தாள்.

சீனித்தம்பி அந்தப் பகுதியின் திடீர் மரண விசாரணை அதிகாரி. பத்தொன்பது வருடங்களாக ஊராருடைய சாவுக்கெல்லாம் காரணம் எழுதியவர். மனைவியின் சாவுக்கு அவர் யோசிக்கவே இல்லை. பதின்மூன்று மாதங்களுக்கு முன் கடல் கொண்டுபோன மதுஷனை நினைத்தே நெஞ்சு நின்றுவிட்டது என்றார். ஊரும் அதையேதான் சொன்னது.

*

2009 ஆவணி. யுத்தம் முடிந்து மூன்று மாதம். சீனித்தம்பி ஹலீமின் ஓட்டோவில் பின்சீட்டில் இருந்து, கையிலிருந்த ஒரு மோதிரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறொரு பெண்ணின் மோதிரம்.

"சேர், கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க," என்றான் ஹலீம். அவன் ஓட்டமாவடிக்காரன். ஐந்து வருடமாக அவருக்கு வண்டியோட்டி, மொழிபெயர்ப்பாளன், வாயாடி எல்லாம் அவன்தான். "ஒரு மோதிரத்தை வெச்சுக் கொலைகாரனைப் பிடிச்ச ஆள் எங்கயும் இரிக்காரா?"

"கொலைகாரனை ஆர் தேடினது? அந்த மனுஷி தன்ட உயிரைத் தானே எடுக்கல்ல எண்டதுக்குத்தான் ஆதாரம் தேடுறன்."

"ஆக, நடக்காத ஒண்டைத் தேடுறம். பெற்றோல் மட்டும் உண்மையா எரியிது."

இறந்தவள் வதனி, வயது முப்பத்தாறு, கல்குடா சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருந்தவள். புருஷனையும் ஐந்து வயது மகனையும் கடலுக்குக் கொடுத்தவள். முந்தாநாள் காலை மகள் விதுர்ஷாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சீப்பு கையிலிருந்து விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அவள் குசினியில் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய மஞ்சள் அலரிக்கொட்டை இருந்தது. இந்தப் பக்கத்தில் அலரிக்கொட்டைக்கு என்ன அர்த்தம் என்பதை ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பொலிஸ் சார்ஜன்ட் தற்கொலை என்று தாளை எழுதியே வைத்துவிட்டார். உடலைத் திறந்தபோது வயிற்றிலிருந்து எடுத்த மாதிரி, நஞ்சுப் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போயிருந்தது. பதில் வர மாதக்கணக்காகும். பின்னேரம் நாலு மணிக்குச் சீனித்தம்பி முடிவு சொல்ல வேண்டும்.

சார்ஜன்டின் அவசரத்தை அவர் பெரிதாக எடுக்கவில்லை. அவரைத் துளைத்தது பதினாலு வயது விதுர்ஷா. சாவுக்கு முந்தின இரவு தாயோடு சண்டை பிடித்து, "நீங்களும் அண்டைக்கே கடலோட போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அதைத் தானே சார்ஜன்டிடம் போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு பிடி சோறு உள்ளே போகவில்லை.

"'நெஞ்சு வருத்தம்' எண்டு எழுதிப் போடுங்களே," என்றான் ஹலீம். "மௌத்தான மனுஷிக்கு அதால என்ன குறை?"

"எழுதலாம். அந்தப் பிள்ளை நம்ப வேணுமே. 'எப்பிடித் தெரியும்' எண்டு கேட்டா என்னத்தைக் காட்டுறது?"

தகரத்தை அவர்கள் காலையிலேயே பார்த்தாயிற்று. ஹலீம் ஒரு கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்தான். பருப்பு உள்ளேயே காய்ந்து சுருங்கிக் கிடந்தது. ஒவ்வொரு கொட்டையிலும் நூல் கோக்கத் துளை. தகரத்தின் விளிம்பெல்லாம் உப்புக் கறள். வதனியின் அண்ணன் மனைவிதான் சொன்னாள்: அது செத்துப்போன பொடியனின் விளையாட்டுச் சாமான். இறுக்கி மூடியிருந்ததால் மிதந்து, தாழை வேருக்குள் சிக்கிக் கிடைத்தது. வீட்டிலிருந்து மிஞ்சிய ஒரே பொருள்.

"தகரம் குற்றவாளி இல்ல," என்று ஹலீம் தீர்ப்புச் சொன்னான். "ஆனா வேலிக்கரையில அலரி மரம் நிக்கிதே சேர். அதை எப்பிடி விடுதலை செய்யிற?"

அதற்குத்தான் மோதிரம். வதனியின் விரலிலிருந்து கழற்றியது. அடிப்பக்கத்தில் நூல் சுற்றியிருந்தது. நகத்தால் விலக்கிப் பார்த்தபோது மூன்று நிறம்: அடியில் கறுப்பு, அதன்மேல் சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலே நீலம்.

"மூணு நிறம் எண்டா மூணு காலம்," என்றார் சீனித்தம்பி. "விரல் மூணு தரம் மெலிஞ்சிரிக்கு. ஒரு இரவில வந்த சாவு இல்ல இது. எப்பவோ புறப்பட்டு வந்தது."

சோதனைச் சாவடியில் சிப்பாய் கையைக் காட்டினான். வண்டிக்குள் என்ன என்று கேட்டான். "ஒரு ஐயா, ஒரு மோதிரம், ரெண்டு லீற்றர் பெற்றோல்," என்று சிங்களத்தில் சொன்னான் ஹலீம். "மூணில எதில சந்தேகம்?" சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது, போகச் சொன்னான்.

*

நஸீறாவின் தையல்கடை ஓட்டமாவடிச் சந்தைக்குப் பின்னால் இருந்தது. வதனி ஒரு நிவாரண நிறுவனத்தின் பாலர் பாடசாலையில் சமையல் வேலை செய்தவள். அங்கே கழுத்து மூடிய சட்டை போட வேண்டும். தைத்துக்கொடுத்தவள் நஸீறா.

"லாத்தா, ஐயா ஒரு சாட்சி தேடி வந்திரிக்கார்," என்றான் ஹலீம்.

"உன்னைக் கூட்டிக்கொண்டு வாறவருக்கு ஆருடா சாட்சி சொல்லுற?" என்று சொல்லிக்கொண்டே மோதிரத்தை வாங்கியவள், நூலைப் பார்த்ததும் முகம் மாறிப்போனாள். "இந்தச் சிவப்பு என்ட நூல் ஐயா. போன நோன்புக்கு நான்தான் குடுத்தன். நீலம் போன மாசம். கறுப்பு எனக்குத் தெரியா. அது இங்க வாறத்துக்கு முந்தியே சுத்திக் கிடந்திச்சு."

"சாப்பிடாமக் கிடந்து மெலிஞ்சிட்டாவோ?"

"யா அல்லாஹ், சாப்பாடா? நான் ரெண்டு ரொட்டி வெச்சா நாலு கேப்பா. வெக்கப்பட்டுக் கேப்பா. அப்பிடித் திண்டும் எலும்புதான்."

நஸீறா அளவுக்கொப்பியை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினாள். வதனியின் பெயருக்குக் கீழே ஒன்றரை வருடத்து அளவுகள். நெஞ்சு முப்பத்துநாலு. பிறகு முப்பத்திரண்டு. பிறகு முப்பதரை. கடைசியாக இருபத்தொன்பது.

"நாலு பக்கமும் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சன்," என்றாள். "கழுத்தை மட்டும் ரெண்டு தரம் விட்டன்."

சீனித்தம்பியின் பென்சில் நின்றது. "விட்டீங்களா?"

"ஓம் ஐயா. மேல் பொத்தான் பூட்டேலாமப் போச்சு. பதிமூணு இருந்தது பதினாலரை. நான் பகிடிக்குச் சொன்னன், 'என்ன புள்ள, உடம்பு முருங்கைக்காய், கழுத்து மட்டும் பூசணிக்காயா' எண்டு. 'தொண்டைக்குள்ள என்னவோ நிக்கிது லாத்தா'ண்டா. கடல் குடுத்த கவலை, என்ன செய்யிற எண்டு ரெண்டு பேரும் இருந்து அழுதம்."

ஹலீம் கொப்பியை எட்டிப் பார்த்தான். "சேர், ஒரே ஆள்ல ரெண்டு ஆளா? ஒண்டு மெலியிது, ஒண்டு கொழுக்கிது."

தொண்டைக்குள் என்னவோ நிற்கிறது என்று சீனித்தம்பி முன்பும் ஒருதரம் கேட்டிருந்தார். எங்கே கேட்டார் என்பதை அந்த நேரத்தில் நினைக்க அவருக்கு விருப்பமில்லை.

*

ஓட்டமாவடிப் பாலத்தில் ரயிலுக்கும் வண்டிக்கும் ஒரே வழி. ரயில் வரும்வரை காத்து நின்றார்கள். ஆற்றில் இருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். மணி இரண்டேகால்.

"இனி எங்க சேர்?"

"அப்போதிக்கரி கபூரிட்ட."

"அவருக்குக் காது கேக்காது. கேக்காத ஆளிட்ட விசாரணை. நல்லாப் போகுது நம்மட வழக்கு."

ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி அப்துல் கபூருக்குக் காது மந்தம்தான், கண் மந்தமில்லை. அளவுகளைப் படித்தார். ஆஸ்பத்திரி வார்டில் நேர்ஸ் எழுதிய தாளின் பிரதியையும் படித்தார். அதில் நாடித் துடிப்பு என்ற இடத்தில் நூற்றைம்பது என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.

"இந்த நேர்ஸுக்கு நீங்க நன்றி சொல்லணும்," என்றார். "ஏன் கேள்விக்குறி? எண்ணிப் பாத்திரிக்கா, எண்ண முடியல்ல. ஒண்டு பெருசு, ஒண்டு சிறுசு. ஒண்டு கெதியா, ஒண்டு பிந்தி. தகரக் கூரையில மழை தூறத் தொடங்கிற மாதிரி, கணக்கில்லாம."

"அலரிக்கொட்டை?"

"அலரி திண்டவனை நான் முப்பது வருசம் பாத்தவன். வாந்தி எடுத்தே ஓய்ஞ்சு போவான். நெஞ்சு அடங்கும். நாடி நாப்பதுக்கு வரும், முப்பதுக்கு வரும். இது ஓட்டம். எதிர்ப்பக்கத்து ஓட்டம்."

"அப்ப என்ன?"

கபூர் தன் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினார். "இதில ஒரு சுரப்பி இரிக்கி. தைரொயிட். உடம்பு என்ன வேகத்தில எரியணும் எண்டு சொல்லுறது அதுதான். அது அளவு மிஞ்சிச் சுரந்தா, அடுப்பில விறகு கூடிப்போன மாதிரி. திங்கிறதெல்லாம் எரிஞ்சு போகும். வேர்க்கும். கை நடுங்கும். நித்திரை வராது. சில பேருக்குக் கழுத்து வீங்கும். இதயத்துக்கு ஓய்வே இல்ல. ஓடி ஓடி ஒரு நாளைக்கு அதுட தாளம் குழம்பும்."

"குழம்பினா?"

"கூடையில அள்ளிப் போட்ட இறால் எப்பிடித் துள்ளுது? ஆளுக்கொரு பக்கம். இதயத்துட மேலறை ரெண்டும் அப்பிடித் துடிக்கும். சேந்து சுருங்காது. சுருங்காட்டி ரத்தம் முழுசா வெளியேறாது, மூலையில தேங்கும். தேங்கினா உறையும். அந்தக் கட்டி ஒரு நாள் கிளம்பி மூளைக்கு ஏறும். சீப்புக் கையில இருந்து விழும்."

"சத்தியம் செய்வீங்களா?" என்று கேட்டார் சீனித்தம்பி.

"என்ட சத்தியம் எதுக்கு? உடலைத் திறந்து பாத்த டொக்டரிட்டக் கேளுங்க. கழுத்தைப் பாத்தீங்களா எண்டு ஒரு வார்த்தை."

சீனித்தம்பி கைபேசியில் கூப்பிட்டார். மறுபக்கத்தில் தாள் புரளும் சத்தம். சுரப்பி வழக்கத்தைப் போல மூன்று மடங்கு இருந்தது, இதயத்தின் மேலறையிலும் மூளைக் குழாயிலும் கட்டி இருந்தது, எல்லாம் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன் என்றார் டொக்டர். சார்ஜன்ட் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தார்; சீனித்தம்பியிடம் வந்ததும் அந்தப் பக்கம் மட்டும்தான்.

"முடிஞ்சுது," என்று எழும்பினான் ஹலீம். "மரத்துக்கும் விடுதலை. மூணேகால் சேர், நாலுக்கு நிக்கலாம்."

சீனித்தம்பி எழும்பவில்லை.

"கபூர், இந்த வருத்தக்காரர் மழைக்காலத்திலயும் ஃபேன் கேப்பாங்களா?"

"கேப்பாங்க. அவங்களுக்குக் குளிர் தெரியாது."

"ரெண்டாந்தரம் பிட்டுப் போட்டுத் திண்டுட்டும், பசிக்குது எண்டு சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க."

"ராவில தலையணையில காதை வெச்சா நெஞ்சடிக்கிறது கேக்குதெண்டு எழும்பி இருப்பாங்களா? விடியும்வரைக்கும்?"

"சேர்," என்றான் ஹலீம். "பிட்டு, தலையணை எல்லாம் நஸீறா லாத்தா சொல்லல்லயே."

"நான் கேக்கிறது வேற ஆளைப் பத்தி, தம்பி."

கபூர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இராசாத்தியா?"

சீனித்தம்பி தலையசைத்தார். பிறகு, கேட்டே ஆக வேண்டியதைக் கேட்டார். "இதுக்கு மருந்து இரிக்கா?"

"இரிக்கி. இத்துனூண்டு குளிசை. சுரப்பியை அடக்க ஒண்டு, நெஞ்சை அடக்க ஒண்டு. நேரத்தோட கண்டுபிடிச்சா முக்கால்வாசிப் பேருக்கு இதயம் பழைய தாளத்துக்கு வந்திரும்." கபூர் கண்ணாடியைக் கழற்றினார். "சீனித்தம்பி, கடல் வந்த கையோட பள்ளிக்கூட முகாமில நானும்தான் இருந்தன். ஒரு நாளைக்கு நூறு பேர் வரிசையில. எல்லாருக்கும் கை நடுங்கிச்சு. ஒருத்தருக்கும் நித்திரை இல்ல. எல்லாருக்கும் 'மனத்தாக்கம்' எண்டு எழுதிக் குடுத்தன். ஒரு கழுத்தையும் நான் தொட்டுப் பாக்கல்ல. எல்லாரும் அழுற இடத்தில ஒருத்தி வேற காரணத்துக்கு நடுங்குறாவெண்டு ஆருக்குத் தோணும்?"

தொண்டைக்குள் என்னவோ நிற்கிறது என்று இராசாத்தி சொன்னது கிரானில் அவர்கள் வீட்டுக் குசினி வாசலில். அன்றைக்குச் சீனித்தம்பி சொன்ன பதிலும் அவருக்கு நினைவிருந்தது. "எல்லாருக்கும்தான் போனது. உனக்கு மட்டுமா?"

அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவில்லை.

*

கல்குடா வரை ஹலீம் வாயைத் திறக்கவில்லை. அவனோடு போன ஐந்து வருடத்தில் அது முதல் தடவை.

சார்ஜன்டுக்கு இரண்டாம் பக்கத்தை வாசித்துக் காட்டி, இயற்கை மரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. அதன்பிறகு சீனித்தம்பி வீட்டின் பின்பக்கம் போனார். விதுர்ஷா கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தாள். தலை, அன்றைக்குத் தாய் பாதி பின்னிவிட்டபடியே இருந்தது.

அவர் மோதிரத்தை அவள் கையில் வைத்தார்.

"புள்ள, இந்த நூலைப் பாரு. மேல நீலம், போன மாசம் சுத்தினது. அதுக்குக் கீழ சிவப்பு, போன நோன்புக்காலம். அடியில கறுப்பு. அது எப்ப எண்டு எனக்குத் தெரியா."

அவள் நூலை விரலால் விலக்கிப் பார்த்தாள். "கறுப்பு நான் சுத்தினது," என்றாள். "முந்தின வருசம், ஏழாம் வகுப்புச் சோதனைக்கு முதல். அம்மாட மோதிரம் வாளிக்குள்ள விழுந்திட்டு. நான்தான் எடுத்துச் சுத்திக் குடுத்தன்."

"அண்டைக்கு நீங்க ரெண்டு பேரும் சண்டையா?"

"இல்ல. சிரிச்சுக்கொண்டிருந்தம்."

"அண்டைக்கே அம்மாக்கு வருத்தம் தொடங்கிற்று. தொண்டையில ஒரு சுரப்பி. அதால இதயத்துட தாளம் குழம்பி, ரத்தம் கட்டிப்போய் மூளைக்கு ஏறினது. அவ ஒண்டும் தின்னல்ல. உன்னை விட்டுட்டுப் போக நினைக்கவும் இல்ல. நினைச்சிருந்தா உனக்குத் தலை பின்னத் தொடங்கியிருப்பாவா?"

பிள்ளை மோதிரத்தை மூடிப் பிடித்தாள். தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகை ஓயும்வரை சீனித்தம்பி பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

"மருந்து இருந்ததா?" என்று கேட்டாள்.

ஹலீம் வேலியோரத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை நம்பியிருப்பாள்.

"இருந்தது," என்றார். "நாங்க எல்லாரும் அதைத் துக்கம் எண்டு நினைச்சிட்டம். பெரியாக்கள் நாங்க. பாத்திருக்க வேண்டியது நாங்க. நீ இல்ல."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மாமி ஒரு கோப்பையில் கஞ்சி கொண்டு வந்தாள். விதுர்ஷா இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இந்த வருத்தம் குடும்பத்தில வரலாமாம்," என்று மாமியிடம் சொன்னார் சீனித்தம்பி. "பிள்ளைட கழுத்தைக் கபூர் டொக்டரிட்டக் காட்டுங்க."

"நான் ஏத்திக்கொண்டு போறன்," என்றான் ஹலீம். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு. எட்டு மணி எண்டா என்ட எட்டு மணி இல்ல, உண்மையான எட்டு மணி."

விதுர்ஷாவின் வாயோரம் லேசாக அசைந்தது.

*

கிரானில் இறக்கிவிட்டுப் போகும்போது ஹலீம், "சேர், நான் கொஞ்ச நேரம் நிக்கட்டா?" என்று கேட்டான். வேண்டாம் என்றார். அவன் வண்டியைத் திருப்பி ஒழுங்கை முனை வரைக்கும் போய், இயந்திரத்தை நிறுத்திவிட்டு அங்கேயே இருந்தான். அது இவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அலுமாரியில், மதுஷனின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியில் ஒரு சின்னப் போத்தல். இராசாத்தியைக் குளிப்பாட்டும்போது கழற்றிக் கொடுத்த மோதிரம் அதற்குள் இருந்தது. மூன்றரை வருடமாக அவர் அதை எடுத்துப் பார்த்ததில்லை.

விசாரணைக் கொப்பியைத் திறந்தார். இன்றைய திகதியைப் போட்டு, 'இராசாத்தி, வயது நாற்பத்தொன்பது' என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். திறந்து பார்க்க உடல் இல்லை. அளவுக்கொப்பி இல்லை. கேள்விக்குறி போட்ட நேர்ஸும் இல்லை. அவளை ஒவ்வொரு நாளும் பார்த்த ஒரே சாட்சி அவர்தான். அந்தச் சாட்சி பார்த்தும் பார்க்காதவன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மோதிரத்தை உள்ளங்கையில் கொட்டினார். மோதிரம் கறுத்திருந்தது. விளக்கடியில் பிடித்து, நகத்தால் ஒன்று ஒன்றாகத் தொட்டு எண்ணினார்.

நூல் ஏழு சுற்றுத்தான். பல்லால் கடித்த நுனி பிரியவில்லை. முடிச்சு அவள் போட்ட இடத்திலேயே இருந்தது.